மறு உத்தரவு வரும் வரை

எழுபத்தாறு, தை மாதம்.
மாநில ஆட்சி கலைந்து இரண்டு நாள்.
சேலம் கலெக்டர் ஆபீஸ் ‘சி’ பிரிவில்
ஒரே மின்விசிறி,
அதுவும் சூப்பிரண்டு தலைக்கு மேல்.

ஸ்டென்சில் வெட்டியது நான்தான்.
சே. கனகாம்புஜம், இளநிலைத் தட்டச்சர்,
வயது இருபத்திரண்டு.

ஏற்காடு அடிவாரத்தில் சோதனைச் சாவடி.
இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை
மலைக்கு ஏறவும் இறங்கவும் அனுமதிச் சீட்டு.
தற்காலிக ஏற்பாடு.
மறு உத்தரவு வரும் வரை.
கைப்பிரதியில் இருந்தது இவ்வளவுதான்.

முதல் வரியிலிருந்து கண் வழுக்கி
மூன்றாம் வரியில் விழுந்தது.
ரோனியோ உருளை இருநூறு முறை சுற்றி
இருநூறு முறையும்
இரவு இல்லாத உத்தரவைத் துப்பியது.

மறுநாள்தான் கவனித்தேன். போய்ச் சொன்னேன்.
கோதண்டபாணி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“திருத்தணும்னா இன்னொரு ஃபைல் போடணும்மா.
குறைச்சுப் போட்டிருந்தா கேள்வி வரும்.
கூடுதலாப் போனதுக்கு
எந்த சர்க்கார் கோவிச்சுக்கிட்டிருக்கு?”
தட்டுவடை செட் வந்தது.
நானும் தின்றேன்.

அந்த வாரமே, பகல் பதினொரு மணிக்கு,
எஸ்டேட் லாரி கிளீனர் அங்கமுத்துவைப் பிடித்தார்கள்.
சீட்டு இல்லாமல் மலை இறங்கினானாம்.
அஸ்தம்பட்டி ஜெயிலில் பதினேழு நாள்.
அவன் பெயரையும் நான்தான் அடித்தேன்,
நாலு நகல், நடுவே கார்பன்,
எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல்.

நெருக்கடி நீங்கிவிட்டது என்றார்கள் அடுத்த வருஷம்.
செவ்வாய்ப்பேட்டையில் சரவெடி.
மறு உத்தரவுக்காக
தபால் பையைத் தினமும் நானே பிரித்தேன்.
வந்தது:
மூங்கில் நைந்துபோனதால்
இரும்புக் குழாய் வாங்க ஒப்புதல்.
அப்புறம் ஓட்டுக் கூரை.
அப்புறம் மின் இணைப்பு.
சாவடிக்குப் பின்னால் ஒரு ஏட்டு நட்ட முருங்கை
காய்த்து, அதுவும்
சொத்துப் பதிவேட்டில் ஏறியது.

கலவரம் வந்தது. வெள்ளம் வந்தது.
காட்டில் யாரையோ தேடினார்கள்.
ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து ஒரே கேள்வி:
“முன்மாதிரி இருக்கா?”
இருந்தது.
தேதியை மாற்றினோம். புதிதாக ஒரு பத்தி சேர்த்தோம்.
பழையதில் ஒன்றையும் எடுக்கவில்லை;
எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று
எந்த ஃபைலும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை. பதவி உயர்வு
வரவேண்டியிருந்தது.

ஓய்வு பெற்றேன்.
கம்ப்யூட்டர் வந்தது.
நோய் வந்தது.

மலைமேல் இருக்கும் தங்கைக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டு
ஆட்டோவில் போனேன்.
கம்பத்தில் கேமரா, கீழே ஒரு சின்னப் பையன்,
காக்கிச் சட்டை இன்னும் உடம்பில் படியவில்லை.
செல்போனை நீட்டினான்.
“உத்தரவு இதுதான். நீங்களே படிச்சுப் பாருங்க.”

படித்தேன்.
எழுத்து புதிது. முத்திரை புதிது.
நோயின் பெயர்கூட இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.
சாவடிக்கும் சீட்டுக்கும் நடுவே
அதே பள்ளம்.

“இதுல ஒரு வரி விட்டுப்போச்சு, தம்பி.”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா.
எப்பவும் இப்படித்தான்.”

ஆட்டோ திரும்பியது.
மடியில் மருந்து சூடேறிக்கொண்டிருந்தது.
மணி பதினொன்று இருக்கும்.
சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளை
கண்ணைக் குத்தியது.
இரவு
எங்கேயும் இல்லை.