எதுவும் எழுதாதபோது

மொண்டெவீடியோவில் ஜூலை.
ஆற்றுக் காற்று கண்ணாடி ஜன்னலை
உலுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.
மேசையில் ஒரே மாத்தே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்.
மூன்று பேர்.

போன வருடம் இதே மேசையில்
ஒன்றே போதும் என்று சொன்னவள் நான்.
சர்வர் எழும்போது ஒருமுறை பிறக்கட்டும்,
அணையும்வரை எல்லோருக்கும் அதுவே சேவை செய்யட்டும்.
வேகம், சிக்கனம்.
யமந்து தலையாட்டினான்.
இட்சியார் ஆட்டவில்லை.

கேள்வி என்னவோ சின்னதுதான்.
புதிதாக வந்த ஒருவர் ஒரு சேவையைப் பதிவு செய்கிறார்.
அதன் ஆயுள் எவ்வளவு என்று எழுதவில்லை.
மறதி இல்லை,
அப்படியொன்று எழுத வேண்டுமென்றே தெரியாது.
அந்தக் காலி இடத்தில்
நாங்கள் எதை வைப்பது?

நேற்று பைசாந்துவிலிருந்து ஒரு கடிதம்.
நெலிடா பெந்தன்கோர், மருந்துக்கடைக்காரி,
இரவு வகுப்பில் நிரல் கற்றவள்.
சமையலறை மேசையில் மூன்று வாரம்
தானே வாடிக்கையாளர், தானே கடை.
எல்லாம் சரியாக ஓடியது.
திறந்த அன்று காலை ஒன்பது பத்துக்கு
இரண்டாவது ஆள் வந்தார்.
அவர் கூடையில்
முதல் ஆளின் இன்சுலின், மூன்று ஊசி,
யாரிடமும் சொல்லாத ஒரு தூக்க மாத்திரை.

"எங்கே பிசகினேன் என்று தெரியவில்லை,
மன்னியுங்கள்" என்று முடித்திருந்தாள்.
எங்களிடம் மன்னிப்பு.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்று, என்றாள் இட்சியார்.
பதில் போனதும் அது சாகட்டும்.
"அப்படியானால் எண்ணிக்கை வைக்க நினைப்பவனுக்கு
எப்போதும் ஒன்றுதான் வரும்" என்றான் யமந்து.
வரட்டும்.
முதல் நிமிடத்திலேயே வரும்,
வீட்டில், தனியாக இருக்கும்போதே.
திட்டுவான், கையேட்டைத் திறப்பான்.
என் பிழையோ
இரண்டாவது ஆளுக்காகக் காத்திருந்தது.
கற்றுக்கொள்பவர் வீட்டில்
இரண்டாவது ஆள் ஏது?

கேட்கும்போதெல்லாம் புதிதாய் ஒன்று?
அதையும் பேசினோம்.
ஒரு கை கூடையை நிரப்பும்,
மறு கை வேறொரு காலிக் கூடைக்கு ரசீது போடும்.
வேண்டாம்.

நான்தான் மாற்றினேன். ஒரே ஒரு சொல்.
நாற்பத்தொரு சோதனைகள் சிவந்தன.
எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்பவர்
இனி வாய்திறந்து கேட்கவேண்டும்:
தரவுத்தள இணைப்புக் குளத்துக்கு
நானே கேட்டு எழுதினேன்.
கடைசிச் சிவப்பு பச்சையாகும்போது மணி பதினொன்று.

நெலிடாவுக்கு மூன்று முறை எழுதி அழித்தேன்.
நான்காவதில் இவ்வளவே நின்றது:
நீங்கள் ஒரு சொல்லை விட்டீர்கள்,
அந்த இடத்தில் இருந்தது என் சொல்.

குடுவை நான்காவது சுற்று வந்தது.
உறிஞ்சிவிட்டு யமந்து தும்மினான்.
அடுத்த வாரம் மூவருக்கும் ஜலதோஷம்.
குடுவையின் ஆயுளைப் பற்றி
யாரும் பேச்செடுக்கவில்லை.