கெண்டை

யாரோ கல்லெறிந்தார்கள் என்றுதான் திரும்பினேன்.
பின்னால் யாருமில்லை.
கடல்மூட்டம் நனைத்த சாலை, இன்னும் திறக்காத ரொட்டிக்கடை,
தினமும் என்னோடு ஓடிவரும் செவலை நாய்.
அது என்னைத் தாண்டிப் பத்தடி போய் நின்று
வரவில்லையா என்று பார்த்தது.

இருபத்து மூன்று வருடமாக மீன் அறுக்கிறேன்.
தசை எப்படிப் பிரியும் என்று
எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டாம்.
மெர்லூசா மீனின் முதுகில் கத்தியை வைத்தால் போதும்,
ஏடு ஏடாக விட்டுக்கொடுக்கும்.
என் காலுக்குள்ளும் ஓர் ஏடு
சொல்லாமல் கொள்ளாமல் விட்டுக்கொடுத்திருந்தது.

வால்பராய்சோவில் வீடு என்பது பாதி படிக்கட்டு.
என் வீட்டுக்கு நூற்று அறுபத்து மூன்று.
அன்றுதான் எண்ணினேன்,
கைப்பிடிக் கம்பியைக் குடிகாரனைப்போல் அணைத்தபடி.
மூன்றாம் நாள் ரத்தக்கட்டு மெல்ல இறங்கி
கணுக்காலில் வந்து தேங்கியது.
கிழிந்தது ஓரிடம், கறுத்தது வேறிடம்.

நகராட்சி மருந்தகத்தில் நிபால்தோ,
மீசை இன்னும் முடிவெடுக்காத பையன்,
கட்டைவிரலை அழுத்தி "இங்கேயா?" என்றான்.
ஆமாம் என்பதற்குள்
தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டேன்.
மார்ச்சில் பந்தயம் இருக்கிறது என்றேன்.
"எந்த வருட மார்ச்?"
அவன் சிரிக்கவில்லை.

குதிகாலை உயர்த்து. மூன்று எண்ணு. இறக்கு.
மீன்மேசைக்குப் பின்னால், ரப்பர் பூட்ஸுக்குள்,
ஒரு கிலோவுக்குப் பத்து முறை.
நான் ஏறி இறங்குவதைப் பார்த்து
"தரையில்தானே நிற்கிறாய், படகில் இல்லையே?" என்றாள்
பக்கத்து மேசை யாஸ்னா.
தோலுக்கடியில் கெண்டை ஒன்று
உயிர் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் லேசாகப் புரளும்.

நாய்தான் முதலில் கைவிட்டது.
இரண்டாம் வாரம் சன்னல் வழியே பார்த்தேன்:
நீலச்சட்டைக்காரன் ஒருவன் பின்னால், நாக்குத் தொங்க.
அவன் ஓட்டமே சரியில்லை.
தரைமேல் கோபம் உள்ளவன்போல் குதிகாலால் அடித்து ஓடுகிறான்.
அவனுக்கும் ஒருநாள் கல் வரும் என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
கொஞ்சம்தான்.

ஐந்தாம் வாரம் வலி போய்விட்டது.
வலி இருந்த இடத்தில் ஒரு காது முளைத்திருந்தது.
நடைபாதை விளிம்பில், மேடான கல்லில், பேருந்துப் படியில்
எனக்கு முன்னால் அது உற்றுக் கேட்கும்.
தூக்கத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
ஒருமுறை போர்வையை உதறியதில்
நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து
இரு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டேன்,
வழுக்கி விழப்போகிற மீனைப்போல.

"ஒரு நிமிடம் ஓடு. இரண்டு நிமிடம் நட."
ஒரு நிமிடமா!
அதற்குள் ஒரு மீனுக்குச் செதில்கூடச் சுரண்ட முடியாது.
ஆனாலும் விடியுமுன் போனேன்.
பழைய ஷூ, பழைய சாலை, துறைமுகத்தில் ஏதோ கப்பலின் ஊளை.
முதல் இருபது அடி ஓட்டமில்லை, மன்னிப்புக் கேட்பது.
பிறகு காற்று காதில் பட்டது.
உள்ளே கெண்டை துள்ளியது,
அறுந்து அல்ல.

கடிகாரம் கூவியது.
இன்னும் ஓடலாம் என்று கால் சொன்னது.
போன பிப்ரவரியிலும்
இதே குரலில்தான் சொன்னது.

நின்றேன்.
எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்ட நாய்
என்னைத் தாண்டிப் பத்தடி போய்
திரும்பிப் பார்த்தது.

இரண்டு நிமிடம், என்றேன் அதனிடம்.
இரண்டே நிமிடம்.