ஒரு குதிரை நீளம்

மணப்பட்டு சவுக்குத் தோப்பில் காலை ஆறரை.
எடை மெஷினில் ஏறச் சொன்னாள் மதலேன்.
எண்பதைத் தாண்டினால் குதிரை கிடையாது.
எழுபத்தொன்பதரை.
செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறினதை
அவளும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வாய்த்தது செம்பழுப்பில் ஒரு பெண்குதிரை.
பந்தயக் காகிதத்தில் நீளமாக ஏதோ பெயராம்,
தோப்பில் எல்லோருக்கும் அவள் ரோசி.
அவருக்கு சுல்தான்.
ஏறி உட்காருவதற்குள் மூன்று தரம் குசுவிட்டான்.
வேறொரு நாளாயிருந்தால்
திருச்செங்கோட்டுக்குக் கேட்கச் சிரித்திருப்பேன்.

முந்தாநாள் விழுப்புரம் டோல்கேட்டில்
அவர் போனுக்கு வந்த மெசேஜை நான்தான் படித்தேன்.
தம்பியின் ரிக் வண்டிக் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்து இவருடையது.
எட்டு ஊரில் போர் போட்டு எட்டிலும் புழுதி.
தவணை மூன்று நிலுவை.
பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ராத்திரி லாட்ஜில் நான் சொன்னது:
மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்கிட்டீங்க.
அவர் சொன்னது:
அது குதிரை இல்லை, குதிர். மணல்மேடு.
எல்லாரும் தப்பாத்தான் சொல்றாங்க.

பதினேழு லட்சத்துக்கு
எனக்குக் கிடைத்த பதவுரை அது.
கட்டின முன்பணம் திரும்பாது என்பதற்காகத்தான்
சவாரிக்கே கிளம்பி வந்தோம்.

"ஒரு குதிரை நீளம் விட்டு வாங்க, அக்கா.
நெருங்கினா சுல்தான் உதைப்பான்.
பேசணும்னா உரக்கப் பேசுங்க, அதுங்களுக்குப் பழக்கம்தான்."
நாங்கள் பேசவில்லை.

சவுக்குச் சருகில் குளம்புக்குச் சத்தமே இல்லை.
சேணத்தின் தோல் மட்டும் முனகுகிறது.
பத்தொன்பது வருஷத்தில்
இத்தனை நேரம் இந்த முதுகைப் பார்த்ததில்லை.
வாடகை ஹெல்மெட்டுக்குக் கீழே
கோடு கோடாக வேர்வை.
பயணத்துக்கென்று எடுத்த சட்டையின் காலரில்
விலைச்சீட்டுத் தொங்கிய பிளாஸ்டிக் நரம்பு
இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது.
கை அரித்தது.
ஒரு குதிரை நீளம்.

தோப்பு முடிந்ததும் சட்டென்று வெளிச்சம்,
கவிழ்த்த படகில் சாய்ந்து பல் விளக்குகிறவர்,
எங்களைப் பார்த்துக் குரைக்கலாமா என்று
யோசித்துவிட்டுப் படுத்த நாய்.
அப்புறம் கழி.
முட்டளவு தண்ணீர்தான், பழுப்பாக, கடலை நோக்கி.

ரோசி நின்றுவிட்டாள்.
உதைத்தேன். நின்றாள். இன்னும் உதைத்தேன்.
"கயித்த இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு வயித்துல உதைக்கிறீங்களே.
போன்னும் சொல்றீங்க, நில்லுன்னும் சொல்றீங்க.
அவ எதைக் கேட்பா?"
தளர்த்தினேன்.
தளர்த்த ஏழெட்டு மூச்சு ஆனது எனக்கு.

அதற்குள் நடுக் கழியில் சுல்தான்
முன்காலால் தண்ணீரை அறைய ஆரம்பித்திருந்தான்.
"தலையத் தூக்குங்க சார்! படுக்கப் போறான்!"
எந்தத் தலையை என்று அவருக்குப் புரியவில்லை போலும்,
தன் தலையை நிமிர்த்தினார்.
நிமிர்ந்தபடியே
லிஃப்டில் இறங்குகிற மாதிரி
மெதுவாக, கௌரவமாக
தண்ணீருக்குள் இறங்கினார்.

சுல்தான் புரண்டான்.
இவர் கயிற்றை விடாமல்
இடுப்புவரை நனைந்து எழுந்து நின்று
இரண்டு நாளில் முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொன்னதுதான் சரி," என்றார்.
"குதிரைதான்."

சிரித்தேன். குனிந்து ரோசியின் பிடரியில்
முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.
அதில் வியர்வையும் வைக்கோலும் மணத்தன.
பதினேழு லட்சம் அப்படியேதான் இருந்தது,
கரையில், எங்களுக்காகக் காத்துக்கொண்டு.

திரும்பும்போது அவர் நடந்தார்,
ஷூ ஒவ்வொரு அடிக்கும் ஏதோ சொன்னது.
இறங்கினேன். என் கால் என் கால்போல இல்லை.
அவரைத் திருப்பி நிறுத்தி
காலரிலிருந்த அந்த நரம்பைப் பல்லால் கடித்து எடுத்தேன்.
"என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நனைந்த போனை லாட்ஜ் சமையல்காரர் தந்த
பச்சரிசிக் குண்டானில் புதைத்தோம்.
நாளைக்கு உயிர் வந்தால் பேங்க் கூப்பிடும்.
அவர் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"குதிருக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு..."
என்று ஆரம்பித்தார்.

நான் இன்னும் ஒரு கை அரிசி அள்ளிப் போட்டேன்.