ஹைகிரவுண்டு, மணி மூணு பத்து

கறுப்புக் கவருக்குள் கிடந்திருக்கிறது
வெள்ளை டப்பாவுக்குப் போகவேண்டிய ஊசி.
கையுறை தாண்டி ஒரு எறும்புக்கடி.
விரலை வாயில் வைக்கப் போனேன்.
"ஏட்டி பேச்சி, சப்பாத, பிதுக்காத!"
குழாயடிக்கு இழுத்துப் போனாள் எஸ்தர் சிஸ்டர்.
சோப்பு நுரையோடு தாமிரபரணி
லேசாய்ச் சிவந்து ஓடியது.

"நோட்டில எழுதிராத, காண்ட்ராக்ட் போயிரும்"
என்றான் சூப்பர்வைசர்.
எழுதினேன்.
பதினாலாம் படுக்கைக்காரர், ஈரலில் கிருமி,
அயர்ந்து தூங்குகிறார்; அவருக்கென்ன தெரியும்.
விடியுமுன் ரெண்டு ஊசி:
தோளில் ஒன்று, தொடையில் ஒன்று.

அடுத்தது கார்த்திகையில்.
கடைசி,
பிசானம் அறுக்கும்போது.

ராத்திரி இவர் கை நீண்டால்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.
"என்னட்டி?"
தலையணைக்கடியிலிருந்து
அட்டையை எடுத்துக் காட்டுகிறேன்:
மூணு கட்டம்,
ஒன்றில்தான் மை.