குறளிக்கு அரைப் பக்கம்

டுலூத்தில் ஜனவரி. ஏரி விளிம்பு வரை இறுகிவிட்டது.
சலவைக்கடையின் நிலவறையில் வியாழன்தோறும்
ஐந்து பேர், ஒரு மேசை, இருபது முகப் பகடை.
மேலே உலர்த்தி சுழல்கிறது,
அதற்குள் யாரோ மறந்த ஒரு நாணயம்.

விதிப்புத்தகத்தில் எல்ஃபுக்கு ஆறு பக்கம்:
காடு, வில், ஆயிரம் வருடத்துச் சோகம்.
சுரங்கக் குள்ளருக்கு ஐந்து. தாடிக்கே ஒரு பத்தி.
நோமுக்கு அரைப் பக்கம்.
நான் குறளி என்றே சொல்கிறேன்,
கண்கட்டு வித்தை தெரிந்த முழங்கால் உயரத்து ஆளுக்கு
வேறு எந்தப் பேரும் ஒட்டவில்லை.

மூக்கு பெரிது. கேலி பிடிக்கும்.
செய்கிற யந்திரம் பாதியில் வெடிக்கும்.
வளை தோண்டும் பிராணிகளோடு பேசத் தெரியும்.
அவ்வளவுதான். மீதி இடத்தில் ஒரு கோடரிப் படம்,
அதுவும் அடுத்த இனத்துடையது.

வெர்லின் ஓகர்ஸ்ட்ராம், ஆறடி நாலங்குலம்,
துறைமுகத்தில் தாதுக் கப்பலுக்குக் கிரேன் ஓட்டுகிறவன்,
படியிறங்கும்போதெல்லாம் குழாயில் தலை இடித்துக்கொள்பவன்,
பதினோரு வருடமாகக் குறளி.
ஒருநாளும் கீச்சுக்குரல் போட்டதில்லை.
"என் குறளிக்கு என் குரல்தான்" என்பான்,
கப்பல் சங்கு மாதிரி.

ஆட்டம் நடத்தும் கோர்லிஸுக்கு அது பொறுக்காது.
பகலெல்லாம் பல்செட் கூடத்தில் மில்லிமீட்டர் பார்க்கிறவள்,
இரவில் சிரிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.
குறளியைப் பீப்பாயில் அடைத்தாள். கவணில் வைத்து எறிந்தாள்.
சாராயக்கடைக்காரனை விட்டு "பாப்பாவுக்குப் பால்" என்றாள்.
வெர்லின் பாலைக் குடித்தான். காசு வைத்தான்.

நேற்று பாலத்தில் மாட்டிக்கொண்டோம்.
அந்தப் பக்கம் அரக்கன், இந்தப் பக்கம் பனிப்புயல்.
ஐனோவிடம் அம்பு தீர்ந்தது. தெரனின் குள்ளன் மயக்கத்தில்.
என் பூசாரிக்குச் சாமி பதில் சொல்லவில்லை.
"குறளி என்ன செய்கிறான்?" கோர்லிஸ்
உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

எதையாவது வெடிக்கவைப்பான் என்று காத்திருந்தோம்.
"இங்கே வளைக்கரடி இருக்குமா?"
பகடை உருட்டினாள். "ஒன்று. கிழடு. தூக்கம்."
"எழுப்பு."
வழி கேட்பான், பொறி கேட்பான்.
அவன் கேட்டது,
"உன் வளைக்குள் இந்தக் குளிர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது?"

விதியில் இதற்கு எண் இல்லை.
உலர்த்தி நின்றது. நாணயமும்.
கோர்லிஸ் எதிரிலிருந்த அட்டைத் தடுப்பை மடக்கினாள்.
வளைக்கரடிக்கு அவளுடைய சொந்தக் குரல் வந்தது:
"நாலடி. ஆனால் என் வயிறு பட்ட இடத்தில்
மண் இன்னும் இளகல்தான்."

வெர்லின் எழுதிக்கொண்டான்.
பிறகு மிச்சமிருந்த ஒரே மந்திரத்தைச் செலவழித்து
பாலத்தின் மேல் ஒரு வசந்தத்தைக் கட்டினான், பொய்தான்:
ஐஸ் உடைந்து விலகும் நீர், பருவத்தின் முதல் கப்பல்,
தளத்தில் யாரோ சட்டையைக் கழற்றுகிறார்கள்.
அரக்கன் வாய் பார்த்து நின்றான்.
அவன் காலிடுக்கில் நுழைந்து ஓடவேண்டிய நாங்களும் நின்றோம்.
ஐனோதான் உலுக்கினாள்.

கலையும்போது தெரன் சொன்னான்:
புதுப் பதிப்பில் குறளி கிடையாது. இடம் போதவில்லையாம்.

இடமா.

கோர்லிஸ் பழைய புத்தகத்தை விரித்து
பல்செட் பிளேடால் அந்தத் தாளை நறுக்கினாள்.
பின்பக்கத்து எல்ஃபுக்கு ஒரு கால் போனது, போகட்டும்.
நான்காய் மடித்து வெர்லின் சட்டைப்பையில் செருகினாள்.

படியேறியவன் குழாயில் இடித்துக்கொண்டான்.
யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் சிரித்தோம்,
அவன்தான் முதலில்.