காற்று எந்தப் பக்கம்

ஜப்பானைப் பற்றிப் பேச வரவேண்டியவர்
தடிமன், காய்ச்சல் என்று
வியாழக்கிழமையே சொல்லி அனுப்பிவிட்டார்.
கொட்டாஞ்சேனை நூலகத்து வாசலில்
விளம்பரம் ஒட்டியாயிற்று.
ஆகவே நான்.

புத்தக முதுகில் இலக்கம் ஒட்டுவது என் வேலை.
கட்டுநாயக்காவுக்கு
ஆட்களை ஏற்றிவிடப் போயிருக்கிறேன், பறந்ததில்லை.
இரண்டு இரவில் படித்ததுதான் என் ககோஷிமா.

பதினேழு பிள்ளைகள், இரண்டு பாய்.
வெண்கட்டியால் தரையில் கீறினேன்:
தெற்கேயுள்ள பெருந்தீவின் அடியில்
நண்டின் கவ்வுகால் இரண்டு போல நிலம்,
நடுவில் குடா,
குடாவுக்குள் புகைக்கிற ஒரு மலை.
"பெயர் சகுராஜிமா. ஜிமா என்றால் தீவு.
ஆனால் இப்போது தீவில்லை.
நூறு வருசத்துக்கு முந்தி அது கக்கிய குழம்பு
கடலைத் தூர்த்துக் கரையோடு ஒட்டிவிட்டது."

"அப்ப ஏன் இன்னும் தீவுன்னு சொல்றாங்க?"
சப்னா விடவில்லை.
கொம்பனித் தெருவில் கொம்பனி எங்கே என்று கேட்டேன்.
அவள் வாப்பாவின் கடை அங்கேதான்.
யோசித்துப் பார்த்து, சரி என்றாள்.

நகரத்திலிருந்து மலைக்குப் படகு.
கோட்டையில் ரயில் ஏறி
வெள்ளவத்தையில் இறங்குகிற நேரம்தான்.
அதற்குள் ஒரு கோப்பை சுடுநூடில்ஸை
உறிஞ்சி முடிக்கிறவர்களும் உண்டாம்.
இந்த இடத்தில் டெனிஸ்டனுக்குப் பசித்துவிட்டது.
அவித்துக் கொண்டுபோன வத்தாளங்கிழங்கைப் பிட்டுக் கொடுத்தேன்.
எரிமலை மண்ணில் தண்ணீர் தங்காது,
நெல்லுக்குப் பிடிக்காது, கிழங்குக்குப் பிடிக்கும்,
அந்த ஊரின் பெருமையே இதுதான் என்றேன்.
"நாங்க பிளேன்டிக்குத் தின்றதுதானே"
என்றான் வாய் நிறைய.

முள்ளங்கி எவ்வளவு பெரிதென்று காட்ட
கடைசிப் பாயிலிருந்த அய்னாவைத் தூக்கினேன்.
இவளைவிடப் பாரமான முள்ளங்கியும் உண்டு.
அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு சாம்பல்.
காயப் போட்ட உடுப்பில், கார்க் கண்ணாடியில்,
நாக்கு நீட்டினால் நாக்கிலும்.
மலையடிப் பிள்ளைகள்
தலைக்கவசம் போட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள்.
கூட்டி அள்ளி மஞ்சள் பையில் கட்டி வைத்தால்
மாநகரசபை வந்து எடுத்துப் போகும்.
கல்லறைகளுக்கும் கூரை போட்டிருக்கிறார்கள்,
செத்தவர் தலையில் கொட்டாமலிருக்க.

"மாநகரசபை வருமா?"
அதுவரை வாய் திறக்காத கிரிஷோபன்.
வரும் என்றேன்.
"எங்க பக்கத்துலயும் மலை இருந்திச்சு மிஸ்."
கொழும்பில் ஏதடா மலை என்று யாரோ சிரித்தார்கள்.
"கொலன்னாவையில. குப்ப மலை.
நா அப்ப கைப்புள்ள.
வருசத்தன்னிக்குப் பகல்ல சரிஞ்சிருச்சாம்.
அம்மா இன்னும் அந்தப் பக்கத்துச் சன்னலத் தொறக்க மாட்டாங்க."
கிழங்கு மெல்லும் சத்தம் நின்றது.
"அதுக்கு யாரும் பேர் வைக்கல."

என் தாளில் அடுத்த தலைப்பு
எரிமலையால் வரும் நன்மைகள்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
சொல்ல மிச்சமிருந்தது ஒன்றுதான்:
அங்கே தினமும் வானிலைச் செய்தியில்
மலைக்கு மேல் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார்கள்,
சாம்பல் யார் வீட்டுக்கு என்று தெரிய.

அவன் எழும்பி வந்து வெண்கட்டியை வாங்கினான்.
ககோஷிமாக் குடாவுக்குப் பக்கத்திலேயே
களனி ஆற்றைக் கீறினான்.
இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் ஒரு முக்கோணம்.
அதன் தலையில் ஓர் அம்பு.
நிமிர்ந்து நின்று, ரேடியோக் குரலில்:

"வணக்கம்.
இன்று காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசும்.
கொலன்னாவை மக்கள்
உடுப்புகளை உள்ளே எடுத்துக்கொள்ளவும்.
கொட்டாஞ்சேனைக்குப் பயமில்லை."

உட்காரப் போனவன் திரும்பி,
"இன்னிக்கு மட்டும்" என்றான்.

போகும்போது
மிச்சக் கிழங்கைத் தங்கச்சிக்குக் கேட்டான்,
மஞ்சள் பையில் கட்டித் தரச் சொல்லி.
என்னிடம் இருந்தது பச்சை.