விடுபட்ட ஊர்

முதலில் கண்டுபிடித்தது டொக்டர் இல்லை,
கச்சான் விற்கிற றிஸ்வி.
"அண்ணை, இண்டைக்கும் ஹொரவப்பொத்தானையை விட்டிட்டீங்கள்."

பதினான்கு வருசமாய்
திருகோணமலை பஸ் நிலையத்தின் ஒலிபெருக்கி நான்.
அனுராதபுரம் போகிற பஸ்
எந்தெந்த ஊரில் நிற்கும் என்று
நித்திரையிலும் சொல்லுவேன்.
அந்த நித்திரைதான்
மூன்று மாதமாக அதிகாலை மூன்றரைக்கே
இறங்கிப் போய்விடுகிறது,
மிச்சக் காசுகூடக் கேளாமல்.

கவலையென்றால் காரணம் சொல்லலாம்.
வீடு இருக்கிறது, கடன் முடிந்தது,
மகள் கம்பஸ் போய்விட்டாள்.
சண்டையும் சுனாமியும் வந்தபோதெல்லாம்
நிமிர்ந்து நின்ற ஆள்தான் நான்.
இப்போது சேட்டுப் பொத்தான் ஐந்தும்
ஐந்து படி மாதிரி இருக்கிறது.
பாரைமீன் குழம்பு நனைந்த கடதாசியாய் நாக்கில் கிடக்க,
"உப்புக் கூடிப்போச்சோ" என்று
மங்களேஸ்வரி தன் கையைச் சந்தேகித்தாள்.
அதற்குக்கூட மறுமொழி சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை கிளினிக்.
ஒன்பது கேள்வி உள்ள தாள்.
'ஒருபோதும் இல்லை', 'சில நாட்கள்',
'பாதிக்கு மேல்', 'ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்'.
நேர அட்டவணை மாதிரித்தான், எனக்குப் பழக்கம்.
மளமளவென்று அடையாளமிட்டு
ஒன்பதாவதில் பேனை நின்றது.
இருக்காமல் போனால் நல்லது என்று நினைத்ததுண்டா?

உண்டு.
சில நாட்கள்.

டொக்டர் நெத்மி தன் பேனையை மூடி வைத்தாள்.
குருநாகல் பிள்ளை, தமிழை வகுப்பில் படித்தவள்.
"ஐயா, அத சொன்னது நல்லம்.
பயப்பட வேணாம். அது வருத்தம் கதைக்குது, நீங்க இல்ல."
எங்கள் பேச்சில் காய்ச்சலும் வருத்தம், துக்கமும் வருத்தம்.
அவள் எதைச் சொன்னாளோ,
இரண்டுமே சரியாக இருந்தது.
வெளியில் நின்ற மங்களேஸ்வரியையும் உள்ளே கூப்பிட்டாள்.
உப்பில் பிழையில்லை என்று
அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பழுப்பு உறையில் குளிசை, இரவுக்கு ஒன்று.
முதல் இரண்டு கிழமை
வாய் காய்ந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.
மிஸ் ஜெஸீமா கொப்பி ஒன்று தந்தா:
நாளுக்கு ஒரு வேலை செய்து எழுத வேண்டும்.
"விருப்பம் வந்தாப் பிறகு செய்யிறனே" என்றேன்.
"விருப்பம் வராது. நீங்க செய்ங்க, அது பின்னால வரும்."

அது எனக்கு விளங்கியது.
ஆள் நிறையட்டும் என்று எந்த பஸ்ஸும் நிற்பதில்லை.
நேரம் வந்தால்
வெறும் சீற்றோடும் வெளிக்கிட வேண்டும்.
ஆக்கள் வழியில் ஏறுவினம்.

திங்கள்: முகம் வழித்தேன்.
செவ்வாய்: உட்துறைமுகப் பக்கம் பத்து நிமிடம் நடந்தேன், கடலைப் பார்க்கவில்லை.
வியாழன்: ஒன்றுமில்லை.

ஐந்தாம் கிழமை, விடிய நாலரை.
பஸ் நிலையத்துக் குப்பையை மேய வருகிற மான்களில்
கொம்பு முறிந்த ஒன்று
என் கூண்டுக்குள் தலையை விட்டு
கண்டி, கொழும்பு, மட்டக்களப்பு எல்லாவற்றையும்
தாளோடு தின்றுவிட்டது.
ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.
சிரித்தது நான்தான்.
வாயோரத்தில் 5.15 தொங்க
அது என்னைப் பார்த்தபடி மென்றது.

கொப்பியில் எழுதினேன்: மான்.

அடுத்த நாள் திரும்பவும் மூன்றரைக்கு விழிப்பு,
திரும்பவும் ஐந்து பொத்தான்.
நெத்மி குளிசையைக் கூட்டினாள்.
"நல்லா வந்தாலும் உடன நிப்பாட்ட வேணாம்" என்றாள்,
நான் நல்லா வந்துவிட்டேன் என்று
யாரோ சொன்னது மாதிரி.

போன புதன் கிளினிக் வாங்கில்
பக்கத்தில் ஒரு பெடியன்,
இருபது வயதுகூட இராது.
முழங்காலுக்குள் முகத்தை வைத்திருந்தவன்
என் இருமலுக்கு நிமிர்ந்தான்.
"நீங்கள்... பஸ் ஸ்டாண்டில கத்திறவர்தானே?"

ஓம்.

"நீங்களுமோ?"

ஓம்.

கொஞ்ச நேரம் தன் இலக்கத் துண்டையே பார்த்தான்.
பிறகு கேட்டான்,
மூதூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று.

பன்னிரண்டே கால், என்றேன்.
மருந்தை எடுத்திட்டு ஆறுதலாய் வா.
பிடிக்கலாம்.